மிஷின் சரசு

மூடியைத் திறப்பதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும். திறந்த பிறகு துடைத்தால் அழுக்கெல்லாம் உள்ளே விழும். அதனால் சரசு ஒரு பழைய சட்டைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, கறுப்பு மூடியின் விளிம்பை இண்டு இடுக்கு விடாமல் தடவி எடுக்கிறாள். அப்புறம்தான் திருகைக் கழற்றுகிறாள். உள்ளே, உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்சு. காலையில் சாம்பல் நிறத்தில் இருந்தது. இப்போது செம்மண்ணில் புரட்டி எடுத்தது போல் இருக்கிறது. அதை வெளியே எடுத்த கையோடு, அது இருந்த இடத்தில் தெரிகிற ஓட்டையை இன்னொரு சுத்தமான துணியால் அடைக்கிறாள். எஞ்சின் காற்று இழுக்கிற வாய் அது. திறந்து கிடந்தால் ஒரு எறும்புகூடப் போய்விடும் என்று அவளுக்குப் பயம்.

அலுமினியக் குண்டானில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்புச் சீவல். ஸ்பாஞ்சைப் போட்டு அமுக்குகிறாள், விடுகிறாள், மறுபடி அமுக்குகிறாள். தண்ணீர் காவி நிறத்துக்கு மாறுகிறது. “முறுக்கிப் பிழிஞ்சீன்னா கிழிஞ்சிடும். அமுக்கி அமுக்கித்தான் உடணும். பச்சப் புள்ளைக்கு எண்ண தேய்க்கிறாப்பல,” என்கிறாள், யார் பக்கத்தில் நின்றாலும்.

தண்ணீரை மாற்றி அலசி, வேலியோரம் நிழலாகப் பார்த்து ஒரு கல்லின் மேல் காய வைக்கிறாள். காய்ந்ததும் அவள் செய்கிற காரியம்தான் வேடிக்கை. ஸ்பாஞ்சை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்திக்கொள்கிறாள். கண்ணை மூடி, நெஞ்சு விரிய ஒரு மூச்சு இழுக்கிறாள். விடுகிறாள். இன்னொரு மூச்சு. திருப்தி வரவில்லை என்றால் மறுபடியும் குண்டானுக்குப் போகும்.

“எனக்கு மூச்சு வந்தா அதுக்கும் வரும். எனக்கே அடச்சா அது இன்னா பண்ணும், பாவம்?”

மூச்சுப் பரீட்சையில் தேறிய பிறகு சில சொட்டு எஞ்சின் ஆயில். நாலு மூலைக்கும் பரவுகிற மாதிரி கசக்கி, மிஞ்சியதைத் துணியில் ஒற்றி எடுத்து, இருந்த இடத்தில் பொருத்துகிறாள். திருகை விரலால்தான் முடுக்குகிறாள். குறடு வைத்து முடுக்கினால் பிளாஸ்டிக் விண்டுவிடும்.

திருவண்ணாமலையில் சரசுகளுக்குப் பஞ்சமில்லை. பூக்கட்டுகிற சரசு, இட்லிக் கடை சரசு, நர்ஸ் வேலை பார்க்கிற சரசு என்று தெருவுக்கு ஒருத்தி உண்டு. இவள் மிஷின் சரசு. நாற்பதைத் தொடுகிற வயது. புடவைக்கு மேலே காக்கி முழுக்கைச் சட்டை, தலையில் முண்டாசு, காலில் கனமான பூட்ஸ். பூட்ஸ் அவள் புருஷன் சடையனுக்கு யாரோ கொடுத்தது. மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிற அவனுக்கு அது தோதுப்படவில்லை. இவள் முனையில் துணி திணித்துப் போட்டுக்கொண்டாள். தோளில் வார் மாட்டி, அந்த நீண்ட இயந்திரத்தை இடுப்போரம் தொங்கவிட்டுக்கொண்டு அவள் நடந்தால், செங்கம் சாலையில் புதிதாக வந்து இறங்குகிற ஆள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவான்.

அது புல் வெட்டுகிற இயந்திரம். ஒரு ஆள் உயரத்துக்கு நீண்ட குழாய். மேல் முனையில் பெட்ரோலில் ஓடும், கயிற்றை இழுத்துக் கிளப்புகிற சின்ன எஞ்சின். கீழ் முனையில் சுழலும் தட்டு. தட்டில் கத்தி கிடையாது; தூண்டிலில் கட்டுகிற மாதிரி தடித்த நைலான் நரம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நரம்பு சுழல்கிற வேகத்தில் புல் அறுந்து பறக்கும். எண்பத்திரண்டாம் வருஷம் அது முதன்முதலில் உறுமியபோது, அக்கம்பக்கத்து மாடுகள் முளைக்கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

கொண்டுவந்தவள் ஹெல்கா என்கிற ஜெர்மன்காரி. ஆசிரமங்களைத் தாண்டி மலையைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய காம்பவுண்டு வாங்கி, வந்து தங்குகிறவர்களுக்கு அறைகள் கட்டியிருந்தாள். வீட்டுக்கும் மலையடிவாரத்துக்கும் நடுவில் விரிந்த வெளி முழுக்கப் புல். புல்லில் பாம்பு. பாம்புக்குப் பயந்து வரவழைத்ததுதான் இந்த இயந்திரம்.

அப்போது சரசு அந்த வெளியில் புல்லறுக்க வருகிற பெண்களில் ஒருத்தி. காலையில் அருவாளோடு வருவார்கள். அறுத்துக் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு போய், ஊருக்குள் மாடு வைத்திருப்பவர்களுக்கும் ஜட்காக்காரர்களுக்கும் விற்பார்கள். ஹெல்கா தன் இயந்திரத்தோடு புல்லில் இறங்கிய மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, எஞ்சினின் மூடி ஆட்டத்தில் கழன்று விழுந்தது. மூடி கிடைத்தது. உள்ளே இருந்த ஸ்பாஞ்சு கிடைக்கவில்லை. ஹெல்கா வெயிலில் தவழ்ந்து தவழ்ந்து தேடினாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, மற்றவர்களுக்குப் புரியவில்லை. வெள்ளைக்காரி மூக்குத்தியைத் தொலைத்துவிட்டாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

சரசு மட்டும் அருவாளைக் கீழே வைத்துவிட்டு, அந்த மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே காலியாக இருந்த இடத்தின் அளவை விரலால் அளந்தாள். பிறகு, இயந்திரம் வந்த வழியே குனிந்து நடந்து, அறுபட்ட புல்லுக்குள் கையை விட்டு அதை எடுத்துக் கொடுத்தாள். ஹெல்கா அவளைக் கட்டிக்கொண்டாள். சரசு கூச்சத்தில் நெளிந்தாள். மறுநாளிலிருந்து அவளுக்கு அங்கே வேலை.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஹெல்கா ஸ்பாஞ்சைக் காட்டுவாள். ஒரு பிடி மண்ணை எடுத்து எஞ்சின் வாய்க்கு நேரே காட்டுவாள். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று வைத்து அரைத்துக் காட்டி, தலையைச் சாய்த்து நாக்கை நீட்டிச் செத்துப்போவாள். வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் புழுதி உள்ளே போகும், உள்ளே ஓடுகிற இரும்பை அரைத்துவிடும், எஞ்சின் செத்துப்போகும். சரசுக்கு ஒரே தடவையில் புரிந்தது. ஹெல்கா செத்துக் காட்டிய விதத்தை இன்றைக்கும் நடித்துக் காட்டிச் சிரிப்பாள்.

வேலை கிடைத்தது. சிநேகிதம் போயிற்று. அருவாளால் அறுத்த புல் கட்டுக் கட்டாக நிற்கும், விற்கலாம். இயந்திரம் வெட்டிய புல் பொடிப்பொடியாகத் தெறித்து மண்ணோடும் சாணியோடும் கலந்து கிடக்கும். மாடு மோந்துகூடப் பார்க்காது. வெளி சுத்தமாக ஆக ஆக, புல்லறுக்கிற பெண்களின் பிழைப்பு மலையின் மறுபக்கத்துக்கு நகர்ந்தது. அவ்வளவு தூரம் நடந்து, சுமையோடு திரும்ப வேண்டும்.

வெள்ளையம்மாள்தான் அவர்களில் மூத்தவள். காம்பவுண்டுக்குப் பின்னால், வேலியைத் தாண்டி இருக்கிற கூரை வீடுகளில் ஒன்று அவளுடையது. சரசுக்குக் கல்யாணமாகி ஊருக்குள் வந்த புதிதில், எங்கே புல் நன்றாக இருக்கும், எந்த வீட்டில் ஒழுங்காக விலை பேசுவார்கள் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவள். ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கேட்டாள்.

“ஏன்டி, ஒருத்தி வயிறு ரொம்பறதுக்கு ஊரு புல்ல எல்லாம் மாவாக்கி வுடணுமா?”

“நானா யக்கா மிஷின வாங்கியாந்தேன்? நான் இல்லன்னா வேற ஆளு ஓட்டப்போவுது.”

“வேற ஆளு ஓட்டியிருந்தா எனக்கு வலிக்காதுடி.”

அதோடு பேச்சு நின்றது. சந்தையில் எதிர்ப்பட்டால் வெள்ளையம்மாள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு போவாள். மற்றவர்களும் அப்படியே. சரசு யாரிடமும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. அவள் சுபாவம் அப்படி. ஆனால் அதற்கப்புறம் அவள் இயந்திரத்தோடு பேச ஆரம்பித்தாள் என்று காவல்காரன் வேடியப்பன் சொல்வான். “யாரும் இல்லன்னு நெனச்சிக்குனு, இன்னைக்கு இன்னாடா சத்தம் ஒரு மாதிரி கீதுன்னு கேட்டுக்குனு கெடக்கும்.”

எண்பத்தைந்தில் ஹெல்கா உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போனாள். காம்பவுண்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு சக்கரபாணியிடம் வந்தது. தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்டவர் அல்ல, எல்லாம் சீக்கிரம் முடிய வேண்டும், அவ்வளவுதான். அந்த வருஷம்தான் ஸ்பாஞ்சு உதிர ஆரம்பித்தது. கழுவக் கழுவ, ஓரங்கள் ஊறிப்போன ரொட்டி மாதிரி கையோடு வந்தன. ஹெல்கா விட்டுப்போன மாற்றுத் துண்டுகளும் இருந்த இடத்திலேயே பழசாகி, தொட்டால் பொடியாயின.

“அந்தப் பஞ்சு இல்லாமத்தான் ஓட்டிப் பாரேன், சரசு,” என்றார் சக்கரபாணி. “வேடியப்பன் சொல்றான், அது இல்லன்னா இன்னும் வேகமா ஓடுமாம்.”

“ஓடுங்க. கொஞ்ச நாளைக்கு நல்லாவே ஓடும். அப்புறம் ஓடாதுங்க.”

“கார்த்திகை தீபத்துக்கு ஆளுங்க வந்துடுவாங்க. புல்லு முட்டி வரைக்கும் நிக்குது.”

“அதுக்குள்ள ஒரு வழி பண்றங்க ஐயா. பில்டரு இல்லாம நான் கயிற இழுக்க மாட்டேன்.”

மறுநாள் மூடியைத் துணியில் முடிந்துகொண்டு கடைகடையாக ஏறினாள். மொபெட் கடையில் அந்த அளவில் இல்லை. டிராக்டர் சாமான் கடையில் சிரித்தார்கள். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம், பஸ்ஸுக்கும் காருக்கும் சீட் தைக்கிற மக்பூல் பாயிடம் போய் நின்றாள். அவர் மூடியை வாங்கிப் பார்த்தார்.

“இது இன்னாம்மா பெரிய விஷயம்? சீட்டுக்குப் போடற ஸ்பாஞ்சுதானே?” வெட்டிக் கொடுத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

சரசு அதை எடுத்து மூக்கில் பொத்தினாள். கடைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மூச்சு இழுத்ததும் முகம் சுருங்கியது. “வரல பாய். கண்ணு ரொம்ப பொடிசு.”

“நீ இன்னா வாங்குறியா, மோந்து பாக்குறியா?”

“நீங்க இழுத்துப் பாருங்க.”

மக்பூல் பாய் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தானும் மூக்கில் வைத்து இழுத்தார். மூச்சு முட்டி இருமினார். அப்புறம் சிரித்தார். உள்ளே போய் எதையெல்லாமோ உருட்டிவிட்டு, ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தார். அவர் மச்சான் துபாயிலிருந்து டேப் ரிக்கார்டர் கொண்டுவந்த பெட்டி. அது அடிபடாமல் இருக்கச் சுற்றிலும் வைத்திருந்த ஸ்பாஞ்சு சாம்பல் நிறத்தில், கண்கள் பெரிது பெரிதாக, தேன்கூடு மாதிரி இருந்தது. இரண்டு பேரும் மாற்றி மாற்றி மூச்சு இழுத்துப் பார்த்தார்கள். தாராளமாக வந்தது.

“ரொம்ப ஜாஸ்தியா வருது. புழுதியும் வந்துடாது?” என்றார் பாய்.

“ஆயிலு உடுவேன். புழுதி அதுல ஒட்டிக்கும், காத்து மட்டும் போவும்.”

பிளேடு வழுக்கிப் போவதற்காக அதைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, அவர் இரண்டு துண்டு வெட்டினார். காசு வாங்கவில்லை. அன்றைக்கு அவர் கடையில் இந்த மூச்சு விளையாட்டுதான் பேச்சு.

அந்த ஸ்பாஞ்சு நன்றாகவே உழைத்தது. தீபத்துக்குள் வெளி சுத்தமாயிற்று. ஒன்று எஞ்சினில், மற்றொன்று தகர டப்பாவில். மாற்றி மாற்றிக் கழுவி, மாற்றி மாற்றிப் போட்டாள்.

அடுத்த பங்குனியில் மலையில் நெருப்புப் பிடித்தது.

வெயில் காலத்தில் மலையில் தீ பிடிப்பதும் அணைவதும் ஊருக்குப் புதிதல்ல. மலை மேல் காய்ந்த புல்லில் ஒரு கோடு மாதிரி எரிந்துகொண்டே போய், பாறை குறுக்கே வந்தால் அணைந்துவிடும். அந்த மத்தியானம் காற்று மாறி அடித்தது. நெருப்பு கீழே இறங்கியது. வேடியப்பன் பின்வாசலில் நின்று கத்தினான். சரசு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் ஓடிப் பார்த்தாள். மலையடிவாரத்துக்கும் கூரை வீடுகளுக்கும் நடுவில், வேலிக்கு வெளியே புறம்போக்கு நிலம். அங்கே இயந்திரம் போனதே இல்லை. இடுப்பு உயரத்துக்கு மாடு தின்னாத முரட்டுப் புல், தொட்டால் முறிகிற காய்ச்சல். ஆம்பளைகள் தழைக்கொத்தால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடிக்க அடிக்க நெருப்பு சுற்றிக்கொண்டு வந்தது. வீடுகளிலிருந்து பாத்திரம் பண்டம், ஆடு, குழந்தை குட்டி எல்லாம் வெளியே வந்துகொண்டிருந்தன.

சரசு யாரையும் கேட்கவில்லை. இயந்திரத்தைத் தோளில் மாட்டினாள், தகர டப்பாவை இடுப்பில் செருகினாள். பாறைப் பக்கம் ஆரம்பித்து வற்றிய ஓடை வரைக்கும் ஒரு பாதை மாதிரி புல்லை வெட்டிவிட்டால், நெருப்பு தின்பதற்கு ஒன்றும் இருக்காது. கயிற்றை இழுத்தாள். எஞ்சின் பிடித்தது. வெட்டிக்கொண்டே போனாள். வெட்டிய புல் அங்கேயே கிடந்தால் அதுவும் எரியும். “வாருங்க! பின்னாலயே வாரிப் போடுங்க!” என்று திரும்பாமலே கத்தினாள். பின்னால் பெண்கள் இறங்கி வாரினார்கள். முதலில் இறங்கியது வெள்ளையம்மாள்.

காற்றில் புகை, சாம்பல், புழுதி. பாதித் தூரம்கூடப் போகவில்லை, எஞ்சின் கறுப்பாய்ப் புகை கக்கித் திணறி நின்றது. சரசு மூடியைத் திறந்தாள். ஸ்பாஞ்சு கரி பிடித்து அப்பிப் போயிருந்தது. டப்பாவில் இருந்ததை எடுத்துப் போட்டாள். இன்னும் கொஞ்ச தூரம். அதுவும் அடைத்தது. எடுத்துத் தொடையில் அடி அடியென்று அடித்தாள். ஆயில் ஈரத்தில் சாம்பல் களிம்பாக ஒட்டியிருந்தது, உதிரவில்லை. மறுபடி போட்டு இழுத்தாள். எஞ்சின் இரண்டு இருமல் இருமி அடங்கியது.

ஓடை கண்ணுக்கு எதிரே தெரிந்தது. நடுவில் இன்னும் ஒரு வீச்சுப் புல். நெருப்பின் சத்தம் பக்கத்தில் கேட்டது.

“நின்னுப்போச்சாடி?” வெள்ளையம்மாள் கேட்டாள். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

சரசு மறுபடி மூடியைத் திறந்தாள். ஸ்பாஞ்சைப் பிடுங்கிக் காக்கிச் சட்டைப் பைக்குள் திணித்தாள். எஞ்சினின் வாய் மூடாமல் திறந்து கிடந்தது. அதை ஒரு கணம் பார்த்தாள். துணி வைத்து அடைத்து அடைத்துப் பழகிய கை, அடைக்கத் துணி தேடியது. பிறகு கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

அப்படி ஒரு சத்தத்தை அந்த இயந்திரம் அதற்கு முன் போட்டதில்லை. அடித்தொண்டையில் உறுமுவது போய், கிறீச்சென்று அலறியது. வேகம் கூடியது. சாம்பலையும் மண்ணையும் உறிஞ்சிக்கொண்டே ஓடியது. சரசு பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். ஓடையின் மணல் காலில் பட்டபோதுதான் விசையை விட்டாள்.

நெருப்பு வந்தது. பாதையின் ஓரத்தில் நின்று எரிந்தது. ஒரு இடத்தில் தாண்டி வந்ததை ஈரச் சாக்கால் அடித்தார்கள். வெள்ளையம்மாளின் மாட்டுக் கொட்டகைக் கூரையின் ஒரு மூலை கருகியது. வீடு ஒன்றும் போகவில்லை. சாயந்திரம் எல்லாரும் சரசுவைச் சூழ்ந்துகொண்டு பேசினார்கள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. கும்பலை விலக்கிக்கொண்டு போய், குண்டானில் தண்ணீர் பிடித்தாள்.

மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றது. கடைசியில் பிடித்தபோது உள்ளே கடகடவென்று ஒரு சத்தம். மொபெட் மெக்கானிக் ராஜமாணிக்கம் வந்து எஞ்சினைப் பிரித்து, பிஸ்டனை வெளியே எடுத்தான்.

“தடவிப் பாரு, சரசக்கா.”

தடவினாள். வழவழவென்று இருக்க வேண்டிய இரும்பில் நெடுக நெடுகக் கோடுகள். நகத்தில் மாட்டின.

“இனிமே எம்மாந்தூரம் வரும்?”

“மெதுவா வெச்சிக்குனா வரும். காஞ்ச புல்லு, ஒசரமான புல்லு எல்லாம் கேக்காத. இழுக்காது.”

சரசு புடவைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டாள்.  அன்றைக்கு ராத்திரி சடையன் சோறு போட்டுக் கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை.

சக்கரபாணி திட்டவில்லை. “கேக்காம எடுத்துக்குனு போனது தப்புதான். ஆனா கேட்டிருந்தா நான் யோசனை பண்ணிக்குனு நின்னிருப்பேன்,” என்றார். “ஜெர்மனிக்கு எழுதறேன். நடந்ததைச் சொன்னா அந்தம்மா புதுசே அனுப்பிடுவாங்க.”

“வேணாங்க ஐயா.”

“ஏன்?”

“பாத ஓரம், வாசலு, கெணத்தடி. இதுக்கு இந்தப் பழசு போதும். பின்னால கீற வெளிய அருவாளுக்கே வுட்டுடுங்க. அவங்க அறுத்துக்குனு போவட்டும். பாம்பும் இருக்காது, நமக்குச் செலவும் இல்ல.”

 சக்கரபாணி ஜெர்மனிக்கு எழுதினார், புது இயந்திரம் பற்றி எழுதவில்லை.

சில நாள் கழித்து வெள்ளையம்மாள் வேலியோரம் வந்து நின்றாள். சரசு மூடியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“உம் மிஷினு செத்துப்போச்சாமே.”

“சாவல யக்கா. எளப்பு.”

“எங்களாலதானே.”

“உங்களால இன்னா? நெருப்பால.”

வெள்ளையம்மாள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வந்து, வேறொன்றைச் சொன்னாள். “அன்னைக்குப் பாதிச் சோத்துல எழுந்து வந்தியாம். வேடியப்பன் சொன்னான்.”

“ஆமா. பூனை துன்னுட்டுப் போயிடுச்சி.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். “காலையில அருவாள எத்துக்குனு வா யக்கா,” என்றாள் சரசு. “மத்தவங்களயும் கூட்டியா.”

இப்போதும் அவள் நாள் தவறாமல் வடிகட்டியைக் கழுவுகிறாள். சக்கரபாணிக்கு அதுதான் புரிவதில்லை. “போனது போயிடுச்சே, இன்னும் எதுக்கு இந்தப் பூசை?” என்று ஒருநாள் கேட்டார். “கெட்டது கெட்டுச்சிங்க. இன்னும் கெடணுமா?” என்று கேட்டுவிட்டு அவள் ஸ்பாஞ்சை மூக்குக்குக் கொண்டுபோனாள். அவர் கையில் ஒரு தடவை கொடுத்து, இழுத்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறாள். அவர் மாட்டேன் என்று நகர்ந்துவிட்டார். மக்பூல் பாய் மட்டும் கடைக்குத் துபாய்ப் பெட்டி எது வந்தாலும், உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சை முதலில் தன் மூக்கில் வைத்துப் பார்த்து எடுத்து வைக்கிறார்.

காலை வெயில் மலை மேல் ஏறுகிற நேரத்தில் சரசு பாதையோரம் வெட்டிக்கொண்டு வருவாள். எஞ்சினை அதட்ட மாட்டாள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தரம் நிறுத்தி ஆற விடுவாள். பாதை முடிந்து வெளி தொடங்குகிற இடத்தில் விசையை அணைத்து, வாரைத் தோளிலிருந்து கழற்றுவாள். அங்கிருந்து பச்சைப் புல், முழங்காலுக்குக் கீழே, பனி காயாமல் நிற்கும்.

பெண்கள் வர இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும். அதற்குள் அவள் புல்லின் ஓரமாகக் குனிந்து நடப்பாள். நரம்பு சுழல்கிற வேகத்தில் பாதையிலிருந்து தெறித்த சரளைக்கற்கள் புல்லுக்குள் போய் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அருவாள் பட்டால் முனை மழுங்கும். கை தவறினால் விரலைப் பார்க்கும். அவள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலால் புல்லைத் துழாவுவாள். காலில் உறுத்தியதை எடுத்துச் சட்டை மடிப்பில் போட்டுக்கொள்வாள்.

பின்வாசல் திறக்கிற சத்தம் கேட்கிறது. வெள்ளையம்மாள் யாரையோ சத்தமாய்த் திட்டிக்கொண்டே வருகிறாள். சரசு நிமிர்ந்து, மடிப்பில் சேர்ந்த கற்களை வேலியடியில் உதறுகிறாள். பிறகு என்ன தோன்றிற்றோ, நின்ற இடத்திலேயே ஒற்றைக் காலை ஊன்றி மறு காலால் இன்னொரு தரம் துழாவுகிறாள். இன்னும் ஒரு கல் தட்டுப்படுகிறது. குனிந்து எடுக்கிறாள்.